ஓநாய்க்குக் கிடைக்காத இரண்டாவது வாரம்

சிவகாசிக்குக் ‘குட்டி ஜப்பான்’ என்று பெயர் சூட்டியவர் நேரு என்பார்கள். தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களின் சுறுசுறுப்புக்குக் கிடைத்த பெயர் அது. திரைப்படச் சுவரொட்டிகளை அச்சிட்டு அனுப்பும் ஊரும் இதுதான். ஆனால், ஒரு நல்ல படத்தை ஊரார் பார்த்து முடிக்கும்வரை அரங்கில் நிறுத்திவைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை.

2013 செப்டம்பர் 27 அன்று மிஷ்கினின் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ வெளியானது. ‘முகமூடி’யின் தோல்விக்குப் பிறகு அவரே தயாரித்து, எழுதி, இயக்கி, ஓநாயாக நடித்த குற்றப் படம். பாடல் இல்லை, காதல் இல்லை. குண்டடிபட்டு நள்ளிரவுச் சாலையில் கிடப்பவனை ஒரு மருத்துவ மாணவன் வீட்டுக்குத் தூக்கிச் சென்று, பேராசிரியரிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டே அறுவைச் சிகிச்சை செய்கிறான். பிழைத்தவன் காவல் துறை தேடும் கொலையாளி என்பது பிறகுதான் தெரிகிறது. (வீட்டு அறையில் இது சாத்தியமா என்று கேட்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன்.)

குற்றப் படங்கள் வழக்கமாக ‘யார்’ என்பதை ஒளித்துவைக்கும். இந்தப் படம் ஒளித்தது ‘ஏன்’ என்பதை. கொலையாளி எதற்காக ஒரு பார்வையற்ற குடும்பத்தைக் காப்பாற்ற ஓடுகிறான் என்பதைக் கல்லறைத் தோட்டத்தில், குழந்தைக்குச் சொல்லும் ஓநாய்க் கதையாகவே நாம் கேட்கிறோம். பழைய சம்பவத்தைத் திரையில் காட்டும் சுலபமான வழியை இயக்குநர் தவிர்த்துவிட்டார். இளையராஜாவின் இசையை ‘முன்னணி இசை’ என்று அவர் குறிப்பிட்டதற்கு நியாயம் இருந்தது.

விமர்சகர்கள் கொண்டாடினார்கள். அரங்குகளோ வேறு கணக்கில் இருந்தன. அதே நாளில் ‘ராஜா ராணி’. ஐந்தே நாளில் ‘இதற்குத்தானே ஆசைப்பட்டாய் பாலகுமாரா’. விளம்பரத்துக்குப் பணமின்றி மிஷ்கினே தெருவில் இறங்கிச் சுவரொட்டி ஒட்டினார்.

விருதுநகரில் ஓர் இரவுக் காட்சியில் நான் பார்த்தபோது இருபது பேர் இருந்திருப்போம். அடுத்த வாரம் நண்பரை அழைத்துக்கொண்டு போனேன், படம் மாறியிருந்தது. அரங்கக்காரரைக் குறை சொல்வதற்கில்லை, அவருக்கும் மின்கட்டணம் உண்டு. ஆனால், அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 2. செப்டம்பர் இறுதியில் பட்டாசு ஆலைகளில் வேலை உச்சத்தில் இருக்கும். ஆடிப் பதினெட்டில் தொடங்கும் நாள்காட்டி அச்சு வேலை இரவு பகலாக ஓடும். எத்தனை உருப்படி செய்தோம் என்பதே கூலியாகும் ஊரில், வெளியான மூன்று நாளில் கூட்டம் வரவில்லை என்பதை ‘மக்கள் நிராகரித்தார்கள்’ என்று எழுதுவது தவறு. அவர்களுக்கு ஓய்வு கிடைப்பது தீபாவளிக்குப் பிறகுதான்.

பெரிய ஜப்பானில் ‘மினி தியேட்டர்’ எனப்படும் சிறு அரங்குகள் உண்டு. ஷினிச்சிரோ உவேதாவின் ‘ஒன் கட் ஆஃப் தி டெட்’ குற்றப் படமல்ல, ஜோம்பி நகைச்சுவை. சுமார் 30 லட்சம் யென்னில் எடுக்கப்பட்டது. 2018 ஜூனில் டோக்கியோவில் இரண்டே சிறு அரங்குகளில் தொடங்கியது. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி 300க்கும் மேற்பட்ட அரங்குகளுக்குப் பரவி, 300 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. வாய்வழிச் செய்தி பரவுவதற்கு அந்த இரண்டு அரங்குகளும் அவகாசம் தந்தன.

‘நந்தலாலா’ வந்தபோது, கிட்டானோவின் ‘கிகுஜிரோ’விலிருந்து எடுத்ததாக மிஷ்கினைச் சாடினோம். ஜப்பானிலிருந்து நாம் எடுத்துவந்திருக்க வேண்டியது அந்தச் சிறு அரங்கை. பின்னாளில் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் ‘ஓநா’யைக் கண்டெடுத்துப் புகழ்ந்தவர்கள் ஏராளம். அந்தப் புகழ் அரங்கின் வசூல் கணக்கில் ஏறுவதில்லை.

மாவட்டத் தலைநகரங்களில் ஓர் அரங்கு, நாளுக்கு ஒரு காட்சி, குறைந்தது மூன்று வாரம் என்று சிறு படங்களுக்கு ஒதுக்கினால் போதும். தயாரிப்பாளர் சங்கமும் அரங்க உரிமையாளர்களும் உட்கார்ந்து பேசி முடிக்கக்கூடிய ஏற்பாடுதான் இது. ஆறு மணிக் காட்சி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. எங்கள் ஊரில் வேலை முடிந்து வருபவர்களுக்கு இரவுக் காட்சிதான் வசதி.