கண்ணாடி இழைக்குத் தங்கப் பூச்சு எதற்கு?

ஐஸ்லாந்தில் ஹெல்லிஷெய்தி என்று ஓர் எரிமலைப் பகுதி இருக்கிறது. அங்கே தரையை ஆழமாகத் துளைத்து, அடியில் இருக்கும் நீராவியை மேலே கொண்டுவந்து மின்சாரம் எடுக்கிறார்கள். எந்த ஆழத்தில் எவ்வளவு சூடு என்று தெரிந்தால்தான் அந்தக் கிணற்றைப் பத்திரமாக இயக்க முடியும். 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும் துளைக்குள் யார் போய் அளப்பது? அந்த வேலைக்கு ஒரு கண்ணாடி இழையை இறக்கினார்கள்.

வீட்டுக்கு இன்டர்நெட் கொண்டுவரும் ஃபைபர் கேபிளுக்குள் இருக்கிறதே, அந்த வகை இழைதான். மேல்முனையில் லேசர் ஒளியைச் சின்னச் சின்னத் துடிப்புகளாக அனுப்புவார்கள். போகும் வழியெல்லாம் ஒளியில் துளியளவு சிதறித் திரும்பி வரும். அதிலும் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வரும். 1928-இல் சி. வி. ராமன் கண்டறிந்தாரே, அதே சிதறல்! நிறம் மாறிய ஒளியில் ஒரு வகை, இழை சூடாக இருக்கும் இடத்திலிருந்து அதிகமாக வரும். அது திரும்பி வர எடுத்த நேரத்தை வைத்து எந்த ஆழத்திலிருந்து வந்தது என்று கணக்கிடுவார்கள். ஒரு மீட்டர் போய்த் திரும்ப ஒளிக்கு நொடியில் பத்து கோடியில் ஒரு பங்கு போதும். ஆக, இழை முழுவதுமே ஒரு நீண்ட தெர்மாமீட்டர் ஆகிவிடுகிறது.

200 டிகிரிச் சூட்டில் கண்ணாடி உருகிவிடாதா என்று கேட்பீர்கள். உருகாது. இந்தக் கண்ணாடி ஏறக்குறைய முழுதும் சிலிக்கா. ஏறக்குறைய 2000 டிகிரி உலையில் இளக்கித்தான் இதை இழையாக இழுக்கிறார்கள். சூட்டுக்குத் தோற்பது கண்ணாடி அல்ல, அதன் மேல் இருக்கும் பூச்சு.

அப்படியானால் பூச்சே இல்லாமல் இறக்கினால் என்ன? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். துணிக்கடைக்காரர் துணியின் ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு, பிறகு கையாலேயே சர்ரென்று கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெட்டு இல்லாமல் அதே துணியைக் கிழிப்பது கஷ்டம். இழுக்கிற விசை முழுதும் அந்த வெட்டின் நுனியில் போய்க் குவிவதால்தான் துணி கிழிகிறது. கண்ணாடியும் அப்படியே. கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று இருந்தால் போதும், அங்கிருந்து விரிசல் ஓடும். 1920-இல் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கண்ணாடி இழைகளை இழுத்துப் பார்த்து இதை விளக்கினார். கீறலே இல்லாத புதிய சிலிக்கா இழை, அதே தடிமனுள்ள எஃகுக் கம்பியைவிட வலிமையானது. ஒரு விரல் பட்டாலும், தூசி உரசினாலும் அந்த வலிமை போய்விடும். காற்றில் இருக்கும் ஈரமும் கீறலின் நுனிக்குள் புகுந்து, கண்ணாடி அணுக்களின் பிணைப்பை மெல்ல மெல்ல அறுக்கும். அதனால்தான் உலையிலிருந்து இறங்கிக் கொஞ்சம் ஆறியதும், இழையை இழுக்கும் எந்தச் சக்கரத்தையும் தொடுவதற்கு முன்பே, ஓடுகிற ஓட்டத்தில் இழைக்குப் பூச்சு ஏற்றிவிடுகிறார்கள்.

வழக்கமான பூச்சு அக்ரிலேட் என்ற பிளாஸ்டிக். உள்ளே மெத்தென்ற அடுக்கு, வெளியே கெட்டியான அடுக்கு. 0.125 மில்லிமீட்டர் கண்ணாடி, பூச்சோடு சேர்ந்து 0.25 மில்லிமீட்டர் ஆகிறது. தெருவில் ஓடும் கேபிளுக்கு இது அருமையான பூச்சு. ஆனால் நாள்கணக்கில் 85 டிகிரிக்கு மேல் வைத்திருந்தால் மஞ்சளாகி, சுருங்கி, நொறுங்கும். சிலிகோன் பூச்சு ஏறக்குறைய 200 டிகிரி வரை தாங்கும். அதற்கும் மேலே, 300 டிகிரி வரை, பாலிஇமைடு.

பாலிஇமைடை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். செயற்கைக்கோள் படங்களில் பொன்னிறமாக மினுங்கும் போர்வையைப் பலர் தங்கத் தகடு என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது அலுமினியம் பூசிய பாலிஇமைடு படலம். இழையின் மேல் இதை ஒரே தடவையில் தடிமனாக ஏற்ற முடியாது. மெல்லிசாகத் தடவி, சூட்டில் இறுக்கி, மறுபடி தடவி என்று பல அடுக்காக ஏற்றவேண்டும். இதில் ஒரு தொல்லையும் உண்டு. இழைகளை இணைக்கும்போது இந்தப் பூச்சை உரித்தாகவேண்டும். லேசில் வராது, நெருப்பில் காட்டியோ சூடான அமிலத்தில் முக்கியோதான் நீக்குவார்கள்.

சூட்டைத் தாங்கினால் மட்டும் கிணற்றுக்குள் போதாது. அங்கே ஹைட்ரஜன் இருக்கும். அதன் மூலக்கூறு மிகச் சிறியது, கண்ணாடிக்குள்ளேயே நுழைந்து ஒளியை விழுங்கத் தொடங்கும். இழை உடையாது, ஆனால் நாளாக ஆக அதற்குள் வரும் ஒளி மங்கும். ஹெல்லிஷெய்தி இழைக்கு இதற்காகக் கண்ணாடியின் மேல் முதலில் மிக மெல்லிய கரி அடுக்கு, அதற்கு மேல் பாலிஇமைடு. கரிக்குள் ஹைட்ரஜன் எளிதில் புகாது. என்றாலும் சூடு ஏற ஏற அந்தத் தடையும் தளரும்.

இன்னும் சூடான இடங்களுக்கு உலோகப் பூச்சு. அலுமினியம் 400 டிகிரி வரை சரி. அதற்கு மேலே அது கண்ணாடியோடு வினைபுரிந்து, சிலிக்காவில் இருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். காப்பாற்ற வந்த பூச்சே கண்ணாடியைக் கெடுத்துவிடும்! தாமிரம் சூடான காற்றில் கறுத்துப்போகும். தங்கம் அப்படி இல்லை, ஆக்சிஜனோடு சேராது. அதனால் 700 டிகிரி வரை போகவேண்டிய இழைக்கு உண்மையாகவே தங்கம் பூசுகிறார்கள். விலை ஒருபுறம் இருக்கட்டும், வேறொரு சிக்கலும் உண்டு. ஆறும்போது தங்கம் கண்ணாடியைவிட இருபது மடங்குக்கும் மேல் சுருங்கும். அந்த இறுக்கத்தில் இழை நுணுக்கமாக நெளிந்து, ஒளி வெளியே கசியும். அதனால் உலோகப் பூச்சு நெடுந்தூர இழைக்கு ஒத்துவராது.

கடுங்குளிரிலும் இதே நெளிவு வரும். மெத்தென்று இருந்த அக்ரிலேட் விறைத்துச் சுருங்கி இழையை அழுத்தும். ஆனால் இந்தச் சுருக்கத்தையே வேலைக்கு வைத்துக்கொண்டவர்களும் உண்டு! ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வகத்தின் பெரிய வளையத் துகள் முடுக்கியில், காந்தங்களை மைனஸ் 271 டிகிரிக்குக் குளிர்விக்கிறார்கள். அவ்வளவு குளிரில் வெறும் கண்ணாடி இழை உணர்கருவியாகப் பயன்படாது. வெப்பநிலை மாறினாலும் அதன் நீளம் அநேகமாக மாறாது. அதனால் அதிகம் சுருங்கும் பிளாஸ்டிக்கையும் எப்பாக்சியையும் இழையின் மேல் பூசிச் சோதித்தார்கள். குளிர் ஏறும்போது பூச்சு சுருங்கி, உள்ளே இருக்கும் கண்ணாடியையும் சேர்த்து அழுத்தும். கண்ணாடிக்குள் முன்பே பதித்துவைத்த நுண்கோடுகள் நெருங்கிவரும். அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியின் நிறம் கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்திலிருந்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறார்கள்.