மாடி வாடகைக்கும் மலை வீட்டுக்கும் வரி எப்படி?

வாடகையை ரொக்கமாக வாங்கிக்கொண்டு கணக்கில் காட்டாமல் விடும் வீட்டுக்காரர்கள் நம் ஊரில் ஏராளம். நோட்டீஸ் வந்துவிடுமோ என்ற பயமும் அவர்களுக்குக் கூடவே இருக்கிறது. சட்டம் எவ்வளவு கழித்துக்கொள்ள விடுகிறது என்று ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தால், பலருக்கு அந்தப் பயமே தேவைப்படாது.

மாடி போர்ஷனுக்கு மாதம் 25,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3 லட்சம். அந்த மாடிக்குரிய சொத்து வரியாக 12,000 கட்டியிருந்தால் அதை முதலில் கழிக்கலாம், மீதி 2,88,000. இதில் 30 சதவீதத்தை, அதாவது 86,400 ரூபாயை, சட்டமே தள்ளிவிடுகிறது. வெள்ளையடித்தீர்களா, மோட்டாரைப் பழுது பார்த்தீர்களா என்று யாரும் ரசீது கேட்பதில்லை. ஒரு பைசா செலவழிக்காவிட்டாலும் இந்தக் கழிவு உண்டு. ஆக, வரிக்குரிய வருமானம் 2,01,600 மட்டுமே. வீட்டுக் கடன் வட்டி 1.5 லட்சம் இருந்தால் அது 51,600 ஆகக் குறையும். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில், மூலதன ஆதாயம் போன்றவை நீங்கலாக, உள்நாட்டில் வசிப்பவருக்கு மொத்த வருமானம் 12 லட்சம் வரை வரியே இல்லை. ஓய்வூதியத்தோடு வாடகையும் வாங்கும் எத்தனையோ பேர் இந்த வரம்புக்குள் அடங்கிவிடுவார்கள்.

சொத்து வரியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பாக்கி இருக்கிறது என்பதற்காகக் கழிவு கிடைக்காது. அந்த ஆண்டுக்குள் கட்டியிருக்க வேண்டும், அதுவும் வீட்டுக்காரரே கட்டியிருக்க வேண்டும். வாட்ச்மேன் சம்பளம், தரகு போன்றவற்றைத் தனியாகக் கழிக்க முடியாது. எல்லாம் அந்த 30 சதவீதத்துக்குள் அடக்கம்.

வட்டி வாடகையை விஞ்சினால்? பழைய முறையில் அந்த நஷ்டத்தை ஆண்டுக்கு 2 லட்சம் வரை சம்பளம் முதலிய வருமானத்தில் கழித்து, மிச்சத்தை 8 ஆண்டுகள் வரை வீட்டு வருமானத்துக்கு எதிராகக் கொண்டுசெல்லலாம். புதிய முறையில் சம்பளத்தில் கை வைக்க முடியாது. பெரிய கடன் உள்ளவர்கள் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே தேர்வு செய்ய வேண்டும்.

கொடைக்கானலிலோ ஏற்காட்டிலோ ஓய்வுக்கென்று வீடு வைத்திருப்பவர்களுக்கு 2019-20 முதல் ஒரு நல்ல சலுகை உண்டு. சொந்த உபயோகத்துக்கான இரண்டு வீடுகளுக்கு வருமானம் பூஜ்யம். மூன்றாவது வீட்டைப் பூட்டியே வைத்திருந்தாலும் வாடகைக்கு விட்டதாகவே கருதப்படும். ஆனால் சீசன் வாடகையில் ஒரு பொறி இருக்கிறது. ஏப்ரல், மே மட்டும் வாடகைக்கு விட்டாலும் அந்த ஆண்டு முழுவதற்கும் பூஜ்யச் சலுகை போய்விடும். அந்த வட்டாரத்தில் ஆண்டுக்கு என்ன வாடகை போகுமோ அதற்கும், கைக்கு வந்த தொகைக்கும் எது அதிகமோ அதுவே கணக்கு. ஆள் கிடைக்காமல் காலியாகக் கிடந்த மாதங்களுக்குத் தளர்வு உண்டு. உங்களுக்கென்று வைத்துக்கொண்ட மாதங்களுக்கு இல்லை. குடியிருப்பு வாடகையை வணிக வருமானமாகக் காட்டும் வழியையும் 2024 நிதிச் சட்டம் அடைத்துவிட்டது. சாப்பாடு, துப்புரவு என்று சேவையோடு ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் ஆடிட்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

மனைவி பெயரில் வீட்டை எழுதிக்கொடுத்தால் வரி மாறிவிடும் என்பது தவறான நம்பிக்கை. விலை வாங்காமல் கொடுத்தால் வாடகை கணவர் கணக்கிலேயே சேரும். இருவரும் பணம் போட்டு வாங்கி, பங்கைப் பத்திரத்தில் தெளிவாக எழுதியிருந்தால் மட்டுமே வருமானம் பிரியும்.

துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு சென்னை வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் குடியிருப்பவரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும்: வெளிநாட்டில் வசிப்பவருக்குத் தரும் வாடகையில் தொகை சிறியதாக இருந்தாலும் பொதுவாக 31.2 சதவீதம் வரி பிடித்தே தர வேண்டும். கூடுதலாகப் பிடித்ததைக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் 30 சதவீதக் கழிவு தொடர்கிறது. மார்ச் 31-க்குள் இரண்டாம் அரையாண்டுச் சொத்து வரியைக் கட்டி, ரசீதை வாடகை ஒப்பந்தத்தோடு சேர்த்து வையுங்கள்.