தவளைத் தோலில் கிடைத்த ஃப்ளூ எதிரி

1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் 18 பேரைத் தாக்கி, ஆறு பேரைப் பலிகொண்டது. அந்த வைரஸ் இன்னும் அடங்கவில்லை. 2024இல் அமெரிக்கக் கறவை மாடுகளிலும் பரவியது. 2003 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பதிவுக்கு வந்த நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துபோனார்கள். நம் கையில் உள்ள முக்கிய மருந்து ஓசெல்டமிவிர். காய்ச்சல் கண்ட இரண்டு நாளுக்குள் கொடுத்தால்தான் அது நன்றாக வேலை செய்யும். வைரஸின் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலும் இந்த மருந்தின் வீரியம் வெகுவாகக் குறைந்துவிடக்கூடும்.

வேறு ஆயுதம் தேடுபவர்களின் கண் தவளைமீது விழுந்ததில் வியப்பில்லை. எப்போதும் ஈரமாக இருக்கும் அதன் தோல், கிருமிகளைத் தடுக்கச் சிறு புரதத் துண்டுகளைச் சுரக்கிறது. இவைதான் பெப்டைடுகள். ஆய்வாளர் மைக்கேல் சாஸ்லாஃப் 1987இல் ஆப்பிரிக்க நகத்தவளையின் தோலில் இத்தகைய பெப்டைடுகளைக் கண்டறிந்தார்.

கேரளத்துத் தவளை ஒன்று இந்தத் தேடலை ஃப்ளூ வரை கொண்டுவந்தது. அதன் தோல் சுரப்பிலிருந்த ஒரு பெப்டைடு ஃப்ளூ வைரஸை அழிப்பதை, திருவனந்தபுரத்தின் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து 2017இல் வெளியிட்டன. உறுமின் என்று அதற்குப் பெயர். மொத்தம் 27 அமினோ அமிலங்கள்தான்.

அது வைரஸைப் பிடிக்கும் இடம்தான் முக்கியம். ஃப்ளூ வைரஸின் மேற்பரப்பில் உள்ள ஹீமக்ளூட்டினின் புரதம் காளான்போலத் தலையும் தண்டுமாக நிற்கும். தலைப்பகுதி அடிக்கடி உருமாறுவதால்தான் ஃப்ளூ தடுப்பூசியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. தண்டு அவ்வளவாக மாறாது. உறுமின் அந்தத் தண்டைப் பற்றி வைரஸையே சிதைக்கிறது. மூக்குவழி இதைப் பெற்ற சுண்டெலிகளில் பெரும்பாலானவை, உயிரைப் பறிக்கும் அளவு எச்1என்1 வைரஸ் செலுத்தப்பட்டும் பிழைத்தன.

எச்3 வகை ஹீமக்ளூட்டினின் கொண்ட ஃப்ளூ வைரஸிடம் உறுமின் பலிக்கவில்லை. பறவைக் காய்ச்சலின் எச்5, எச்1 சார்ந்த பிரிவைச் சேர்ந்தது; இரண்டின் தண்டுகளும் நெருங்கிய சாயல் கொண்டவை. நம்பிக்கை தருவது இந்த உறவுதான். ஆனால் உறவை மட்டும் வைத்து எச்5என்1-க்கு மருந்து கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

மருந்தாக்குவதில் இன்னொரு தடையும் உண்டு. பெப்டைடை விழுங்கினால் குடல் அதை உணவைப்போலவே செரித்துவிடும். ரத்தத்திலும் நொதிகள் அதை நறுக்கிவிடும். எச்.ஐ.வி.க்கு எதிராக 2003இல் அனுமதி பெற்ற என்ஃபுவிர்டைடு என்ற பெப்டைடு மருந்தை நாளுக்கு இருமுறை ஊசியாகப் போட வேண்டியிருந்தது. ஃப்ளூ தாக்குவது சுவாசப்பாதையை என்பதால், மூச்சுவழி நேரடியாகச் செலுத்துவதே சரியான பாதை என்று எனக்குப் படுகிறது.

உறுமின் இன்னும் மனிதர்களுக்கான மருந்தாகவில்லை. எச்5என்1 மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதில் தொற்றக் கற்றுக்கொண்ட பிறகு ஆய்வகத்துக்கு ஓடிப் பயனில்லை. இத்தகைய பெப்டைடுகளின் பாதுகாப்புச் சோதனைகளுக்கு அரசுகள் இப்போதே பணம் ஒதுக்க வேண்டும்.