திண்ணையைக் காணோம், காபி இருக்கிறது!

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் பிள்ளைப்பாக்கம், ஒரகடம் பைக்குகள் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல ஜோசியம் வேண்டாம். சிங்கப்பெருமாள்கோயிலில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்து, திண்டிவனத்தில் இடது பக்கம் ஒடித்தால் பாண்டிச்சேரி! (எதற்காகப் போகிறீர்கள் என்று இங்கே கேட்கப் போவதில்லை.)

மறுநாள் காலை ஆளாளுக்கு ஒரு மஞ்சள் சுவரில் சாய்ந்து போட்டோ. சரி... அந்தச் சுவருக்குப் பின்னால் யார் குடியிருக்கிறார்கள்? பல இடங்களில் யாருமே இல்லை சார். உள்ளே ரிசப்ஷன்!

ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும் இந்தத் தெருக்களுக்கு 1690-களில் பிளான் போட்டவர்கள் டச்சுக்காரர்கள். 1761-ல் இங்கிலீஷ்காரர்கள் ஊரை இடித்துத் தள்ள, பிரெஞ்சுக்காரர்கள் திரும்பவும் கட்டினார்கள். கால்வாய்க்குக் கிழக்கே துரைமார், மேற்கே நம்மவர்கள்.

கிழக்கே துய்மா வீதியில், ரோமன் ரோலண்ட் வீதியில் பழைய வீடுகள் ஹோட்டலாகவும் காபிக் கடையாகவும் மாறினாலும் சுவராவது மிஞ்சுகிறது. அந்தச் சுவருக்குத்தானே வியாபாரமே! கஷ்டமெல்லாம் மேற்கே. திண்ணை, மரத்தூண் வைத்த தாழ்வாரம், முற்றம்... இதை யாரும் போஸ்டரில் போடுவதில்லை. அதனால் இடித்தாலும் யாருக்கும் தெரிவதில்லை.

பி.காம். புத்தி, கணக்குப் போட்டுப் பார்க்கிறது. தாத்தா வீட்டுக்கு வாரிசு ஐந்து பேர் என்று வையுங்கள். ஒருத்தர் பாரீஸில். மெட்ராஸ் டெரஸ் ஒழுகுகிறது; சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் சுலபத்தில் கிடைப்பதில்லை. ரிப்பேர் செலவை யார் தலையில் கட்டுவது? வீட்டை ஐந்தாக வெட்ட முடியாது, பணத்தை வெட்டலாம். ஆக, வித்துடு! தொழிற்சாலைக்கு நிலம் கொடுத்த நம்ம பக்கத்துப் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

விற்றவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. ஆனால், குடித்தனம் போன தெருவில் மளிகைக்கடைக்கும் இஸ்திரி வண்டிக்கும் என்ன வேலை? மிச்சமிருக்கிற இரண்டு வீட்டுக்காரர்கள் வாசலில் யாரோ நிறுத்திவிட்டுப் போன காரைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். அப்புறம் அவர்களும் விற்பார்கள்.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. ஐரோப்பிய யூனியன் பண உதவியோடு வைசியாள் வீதியின் முகப்புகளைச் சீர்செய்தார்கள். 2008-ல் யுனெஸ்கோ விருதே கிடைத்தது! கடற்கரையில் இருந்த மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தபோது, அதே சாயலில் புதுசாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள். அது சர்க்கார் கட்டடம். ஐந்து வாரிசுக்காரர் வீடு விழுந்தால்? மூன்று மாடி லாட்ஜ்தான்.

அடுத்த ட்ரிப்பில் ஒரு மணி நேரம் கால்வாயைத் தாண்டி மேற்கே நடந்து பாருங்கள். பெரிய மார்க்கெட் பக்கம், 1736 முதல் 1761 வரை டைரி எழுதிய ஆனந்தரங்கம் பிள்ளையின் வீடு இருக்கிறது. சுற்றிலும் கடைகள். கொஞ்சம் தேட வேண்டியிருக்கும்.