துவக்கும் அனுமதிப்பத்திரமும்



மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக அமைந்தது எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமாக விரிந்தது படுவான்கரை. கிழக்கே குடியிருந்து மேற்கே வேளாண்மை செய்தல் பல குடும்பங்களின் பழைய வழக்கம். விதைநெல்லோடும் கலப்பையோடும் துவக்கும் வாவியைக் கடந்தது. மண்முனையிலே 2014ஆம் ஆண்டில் பாலம் திறக்கப்படும்வரை, 'பாதை' என நாம் வழங்கும் மிதவையிலேதான் அந்தப் பயணம். பன்றியும் யானையும் வட்டைக்குள் இறங்கும் நாட்டிலே துவக்கும் ஒரு வேளாண்மைக் கருவி என்றே நம்மவர் எண்ணினர். சட்டமோ அவ்வாறு எண்ணவில்லை. மண்வெட்டியை எவர் கையிலும் கொடுத்தனுப்பலாம். துவக்கை அவ்வாறு அனுப்புதல் ஆகாது. இந்த வேற்றுமையை உணராதவர், தீய எண்ணம் சிறிதும் இன்றியே குற்றவாளிக் கூண்டில் ஏற நேரும்.

இலங்கையில் இத்துறையை ஆளும் அடிப்படைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலன்கள் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரமின்றித் துவக்கை வைத்திருத்தலும் பயன்படுத்தலும் குற்றம் என்பதே அதன் சாரம். பத்திரம் குறிப்பிட்ட ஒருவருக்கு, குறிப்பிட்ட ஒரு துவக்குக்கு வழங்கப்படுவது. ஆண்டுதோறும் அதனைப் புதுப்பித்தல் வேண்டும். போடியாரின் பெயரிலுள்ள பத்திரம், வாடியிலே காவலிருக்கும் முல்லைக்காரனுக்குத் தானாகவே உரிமை தந்துவிடாது. தந்தை இறந்தபின் வயல் மகனைச் சேரலாம். பத்திரம் அவ்வாறு சேர்வதில்லை. மகன் கச்சேரிக்குச் சென்று உரிய ஒழுங்கைச் செய்தல் வேண்டும்.

கொண்டுசெல்லுதலும் கைவசம் வைத்திருத்தலின் ஒரு வகையே. பத்திரமற்ற துவக்கைச் சாக்கிலே சுற்றித் தோணியில் ஏற்றினாலும், பேருந்தில் கொண்டுபோனாலும், "என்னுடையதன்று, ஒருவர் தந்தார்" என்று சொல்வதால் மட்டும் விடுதலை கிட்டாது. பொருள் யாருடையது என்பதோடு, அது யார் கையில் இருந்தது என்பதையும் சட்டம் பார்க்கும்.

1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. தானியங்கித் துப்பாக்கியை அனுமதியின்றி வைத்திருப்பவருக்கு ஆயுட்காலச் சிறையே விதிக்கப்படலாம். கொள்ளை, ஆட்கடத்தல் முதலிய பெருங்குற்றங்களைத் துப்பாக்கி கொண்டு புரிபவருக்கும் அதே கதி. பழைய நாளில் தண்டப்பணத்தோடு போயிற்று என்ற கதையை நம்பி இன்று நடப்பவர், தம் குடும்பத்தையே பணயம் வைக்கின்றார்.

பயிர் காக்கக் கட்டப்படும் கட்டுத்துவக்கும் இத்தகையதே. அதற்குப் பன்றி எது, விறகு பொறுக்க வந்த ஏழை எவர் என்று தெரியாது. பன்றிவெடியும் அவ்வாறே, அதைக் கடித்து வாய் சிதைந்த யானை, உண்ண இயலாது பலநாள் வருந்தி மடிகின்றது. யானையைத் துரத்த வனசீவராசிகள் திணைக்களம் வழங்கும் யானைவெடி போன்ற நேர்வழிகளை நாடுதலே முறை.

உலகமும் இவ்வழியே செல்கின்றது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2001ஆம் ஆண்டில் ஏற்ற நெறிமுறை, ஒவ்வொரு சுடுகலனிலும் அடையாள இலக்கம் பொறிக்க வேண்டும் என்கின்றது. உரிய நாடுகளின் அனுமதியின்றி எல்லை கடத்துதலைச் சட்டவிரோதக் கடத்தல் என வரையறுக்கின்றது. எந்த ஆயுதம் எவர் கைவழி வந்தது என்று அறிய முடிந்தாலன்றிக் குற்றத்தைத் தடுக்க இயலாது.

இறுதியாக ஒன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போர் நம் மண்ணில் விட்டுச்சென்றவை இன்னும் உள்ளன. உழும்போதோ கிணறு வெட்டும்போதோ துப்பாக்கியோ தோட்டாவோ தென்பட்டால், நல்லெண்ணத்தோடுகூட அதனைத் தூக்கிச் செல்லாதீர்கள். தொடாமல், பிள்ளைகளை அகற்றிவிட்டு, கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசாருக்கோ உடனே அறிவியுங்கள். உயிருக்கும் அதுவே காப்பு; சட்டத்தின் முன்னும் அதுவே காப்பு.