குடை இருட்டு, காம்பு விளக்கு

எண்ணூர் முகத்துவாரத்தில் கையால் தடவி இறால் பிடிப்பவர்களிடம் ‘காக்கா ஆழி’ என்று சொல்லிப் பாருங்கள், வசவுதான் வரும். காக்கைக் கறுப்பில் ஒரு சிப்பி, சேற்றின்மேல் பாய் விரித்த மாதிரி கொத்துக் கொத்தாகப் படர்ந்து இறால் தங்கும் இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டது. பூர்வீகம் தென் அமெரிக்கா. ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா. ஆற்றில் இறங்குகிறவருக்கு அந்தப் பெயரால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

மேகாலயாவின் மௌலின்னாங் பக்கம் இருட்டில் நடக்கிறவர்களுக்கும் இப்படித்தான். அங்கே மழைக்காலத்தில் செத்த மூங்கில் பச்சையாக ஒளிரும். அந்தக் குச்சியையே கைவிளக்காகப் பிடித்துக்கொண்டு காட்டுவழி போவது ஊர்வழக்கம். 2019-இல் பலிபாரா அறக்கட்டளையும் சீனாவின் குன்மிங் தாவரவியல் நிறுவனமும் சேர்ந்து வடகிழக்கில் காளான் கணக்கெடுக்கப் போனபோது, ஊர்க்காரர்கள்தான் இதைச் சொன்னார்கள். மறு ஆண்டு ‘ஃபைட்டோடாக்ஸா’ ஆய்விதழில், அந்த மூங்கிலை ஒளிரவைக்கும் காளான் புதிய இனமாக அச்சேறியது: ரோரிடோமைசஸ் ஃபிலோஸ்டாகிடிஸ். முதல் பாதி, பனித்துளி போன்ற வழவழப்பைப் பூசிக்கொண்ட காம்புக்காக. பின்பாதி, காளான் முளைத்த மூங்கிலின் பெயர். இந்தப் பேரினம் இந்தியாவில் பதிவானது அதுதான் முதல் தடவை.

வேடிக்கை என்னவென்றால் இதன் குடை ஒளிர்வதில்லை. காம்பும், மூங்கிலுக்குள் ஓடும் பூசண இழைகளும்தான் ஒளிர்கின்றன. குடை பிடித்தவர் கையில் டார்ச்சும் வைத்திருக்கிற மாதிரி! லூசிஃபெரின் என்ற பொருள் நொதியின் துணையோடு ஆக்சிஜனுடன் சேரும்போது பிறக்கும் ஒளி இது, சூடு கிடையாது. எதற்காக ஒளிர வேண்டும்? பிரேசிலில் வேறொரு ஒளிர்காளானை வைத்துச் சோதித்தார்கள். பச்சை விளக்கு பொருத்திய போலிக் காளான்களுக்கு, விளக்கில்லாதவற்றைவிட அதிகப் பூச்சிகள் வந்தன. வந்த பூச்சி வித்துகளைச் சுமந்து போகும் என்பது கணிப்பு.

கண்டுபிடித்தல் ஒரு இரவு வேலை, விவரித்தல் மாதக்கணக்கு. காளான் வாடுமுன் நிறத்தைக் குறிக்க வேண்டும். குடையைக் காகிதத்தில் கவிழ்த்து வைத்தால் விடிவதற்குள் வித்துப்பொடி உதிர்ந்து அச்சு விழும்; அதன் நிறம் ஒரு சாட்சி. பிறகு நுண்ணோக்கியில் வித்துகளின் நீள அகலம், அயோடின் கரைசல் பட்டால் நீலமாகின்றனவா என்ற சோதனை, உறவினங்களோடு மரபணு ஒப்பீடு. கடைசியில் உலர்த்திய ஒரு மாதிரியை ‘இதுதான் அது’ என்று உலர்தாவரக் காப்பகத்தில் வைத்தாக வேண்டும். 2011 முடியும்வரை லத்தீனில் ஒரு விவரணையும் எழுதியாக வேண்டியிருந்தது. மூங்கில் காட்டில் நனைந்து வந்தவருக்கு அது கொஞ்சம் அதிகப்படியான தண்டனை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. புற்றுக்காளானில் ஒன்றைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் 1979-இல் விவரித்து, பிரெஞ்சுக் காளானியலாளர் ரோஜர் ஹைமைச் சிறப்பித்து டெர்மிட்டோமைசஸ் ஹைமி என்று பெயரிட்டார். கறையான் புற்றுக்குள் கறையான்களே வளர்க்கும் பயிர் அது. இடி மழை பெய்த மறுநாள் கூடையோடு கிளம்பிப் புற்றுக்காளான் பறித்துக் குழம்பு வைத்தவர்கள், லத்தீன் பெயருக்காக 1979 வரை காத்திருக்கவில்லை.

ஒளிர்காளான் பார்க்க ஆசைப்பட்டால், மழைக்குப் பிந்திய அமாவாசை இரவில் காட்டில் மட்கிய மரத்தருகே டார்ச்சை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் நிற்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு ஆகும். எண்ணூரில் முயல வேண்டாம். அனல்மின் நிலையமும் துறைமுகமும் விளக்கை அணைப்பதில்லை.