டேலி மெதுவானால் போனுக்குப் பின்னால் பாருங்கள்

ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ ஒரு ஷூ கம்பெனி. அலுவலகத்தில் பழைய இன்டர்காமைக் கழற்றிவிட்டு மேசைக்கு மேசை ஐபி போன் வைக்கிறார்கள். மறுநாளே கணக்குப் பிரிவில் புலம்பல்: டேலியில் ஒரு வவுச்சர் போட்டால் அடுத்தது வர நேரமாகிறது. "நெட் பத்தல, பெரிய பிளானா போடுங்க" என்பார்கள். பணம் கட்டுமுன் கொஞ்சம் பொறுங்கள்.

குரலை அனுப்பும் வழக்கமான ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்குப் போக ஒன்று, வர ஒன்று என ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 90 கிலோபிட் வேகம் போதும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட் தாண்டாது. பைபர் இணைப்புக்கு இது சுமையே அல்ல. மேலும், டேலியின் தரவு அடுத்த அறை சர்வரில் இருந்தால் அது இன்டர்நெட் வழியே போவதே இல்லை. பிறகு பிளானை உயர்த்தி என்ன பயன்?

சிக்கல் பெரும்பாலும் போனின் முதுகில் இருக்கும். அங்கே கேபிள் செருக இரண்டு துளைகள். தனியாக ஒரு கேபிள் இழுக்கும் செலவை மிச்சம் பிடிக்க, சுவரிலிருந்து போனுக்கும் போனிலிருந்து கணினிக்கும் இணைத்துவிடுகிறார்கள். நேற்றுவரை 1000 மெகாபிட்டில் ஓடிய கணினி, விலை குறைந்த போன் வழியே 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடுகிறது. இதைவிடக் கெடுதலான ஒன்று உண்டு. சுவர்க் கேபிள் போய்ச் சேரும் நெட்வொர்க் சுவிட்சின் துளையை எப்போதோ யாரோ 100, புல் டூப்ளெக்ஸ் என்று பூட்டி வைத்திருப்பார். போனோ 'ஆட்டோ'வில் இருக்கும். எதிர்ப்பக்கம் பேச்சுவார்த்தைக்கு வராததால் போன் ஹாப் டூப்ளெக்ஸுக்கு, அதாவது ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பேசும் முறைக்கு, இறங்கிவிடும். தரவு மோதும், தொலையும், திரும்ப அனுப்பப்படும். பிங் அடித்தால் எல்லாம் சரியாகத் தெரியும். பெரிய கோப்பு மட்டும் ஊரும். இரண்டு பக்கத்தையும் ஆட்டோவில் விட்டால் தீரும்.

சோதனை எளிது. கணினியைப் போனிலிருந்து கழற்றி நேரே சுவரில் செருகுங்கள். வேகம் திரும்பினால், இன்டர்நெட் கம்பெனியைத் திட்ட வேண்டாம்.

அலுவலகமே மொத்தமாக நின்றுபோனால் வேறு காரணம்: போனின் இரண்டு துளைகளையும் யாராவது சுவரிலேயே செருகியிருக்கலாம். சுவிட்சில் லூப் தடுப்பு இல்லையென்றால் தரவு ஓயாமல் சுற்றி வலையை அடைத்துவிடும்.

டேனரிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. தோலிலிருந்து முடி நீக்கப் பயன்படும் சோடியம் சல்பைடிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு செம்பை அரிக்கும். ஆயிரம் மெகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒன்று கெட்டாலும் வேகம் விழும், அல்லது இணைப்பு விட்டுவிட்டு வரும். சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் போகும் கேபிள் முனைகளை முதலில் பாருங்கள்.

டேலியோ ஈஆர்பி மென்பொருளோ வெளியே கிளவுடில் இருந்தால்தான் இன்டர்நெட்டைச் சந்தேகிக்கலாம். அப்போதும் ரூட்டரில் குரலுக்கு ஒதுக்கியிருக்கும் பங்கு மிகையா என்று பார்த்த பிறகே பிளானை மாற்றுங்கள்.